சேந்தமங்கலத்துப் பெரிய மனுஷர்

பட்டு ஜிப்பாவும் தங்கக் கடிகாரமும் மடியில் டிரான்சிஸ்டருமாக எதிரே உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர் சேந்தமங்கலத்துக்காரர் என்று தெரிந்ததும், சின்னண்ணனுக்கு வாயிலிருந்த மீன் இறங்கவில்லை. மேட்டூர் அணைப் பூங்காவில் இத்தனை மீன் கடை இருக்க, இந்த மனுஷன் இதே பெஞ்சுக்குத்தானா வரவேண்டும்?

திருச்செங்கோட்டில் அவன் வேலை பார்க்கும் வீட்டுக்கு அன்றைக்குச் சேந்தமங்கலத்திலிருந்துதான் பெண் பார்க்க வருகிறார்கள். பெண் சாரதாமணியின் தம்பி வெள்ளியங்கிரிக்கு இருபத்தைந்து வயதாகியும் அறிவு வயதோடு வளரவில்லை. அவனைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவன் சின்னண்ணன்.

முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் வெள்ளியங்கிரியைப் பார்த்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியவர்கள். அதனால் இந்த முறை பெண்ணின் அம்மா சென்னியம்மாள் உஷாராகிவிட்டார்.

“இவனைக் கூட்டிக்கிட்டுப் போயி பொழுதுக்கும் மேட்டூர்லயே இருந்துக்க சின்னண்ணா. யாராச்சும் கேட்டா உன்ற தம்பின்னு சொல்லிப்போடு.”

நல்ல யோசனைதான். வெள்ளியங்கிரிக்குப் பொய் சொல்ல வராது என்பதை மட்டும் அந்தம்மா மறந்துவிட்டார்.

ஜிப்பாக்காரரோடு வந்த ஆள் மீனில் முள்ளை எடுத்து எடுத்து அவர் இலையில் வைத்துக்கொண்டிருந்தான். பணம் இருந்தால் முள் எடுக்கக்கூட ஆள் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று சின்னண்ணன் வயிறெரிந்தான்.

“தம்பிங்களா?” என்று கேட்டான் அந்த ஆள்.

“ஆமாங்க, என்ற தம்பிங்க.”

“இல்ல!” வெள்ளியங்கிரி கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். “நான் சாரதாக்கா தம்பி! திருச்செங்கோடு! அக்காளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை சேந்தமங்கலம்!”

முள் எடுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஜிப்பாக்காரர் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தார். சின்னண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால், தம்பியை அனுப்ப மாட்டேன் என்று காலையில் சாரதாமணி அழுதது நினைவுக்கு வரவும், கோபத்தை விழுங்கிக்கொண்டு கையைக் கூப்பினான்.

“சாமி, கால்ல உழுகறனுங்க. இந்தத் தம்பியப் பாத்ததை ஊர்ல மூச்சு உட்றாதீங்க. எங்க அம்மிணி தங்கமுங்க. இதும் தட்டிப்போச்சுன்னா தாங்காதுங்க.”

பெரிய மனுஷர் அவனைச் சட்டை செய்யவே இல்லை. தன் இலையிலிருந்த பெரிய துண்டை எடுத்து வெள்ளியங்கிரியின் இலையில் வைத்தார். வெள்ளியங்கிரி பதிலுக்கு அவர் டிரான்சிஸ்டரைத் திருகினான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கூட வந்தவன் சின்னண்ணனை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“பொண்ணு ஊட்டுல உங்களுக்கு என்ன வேலைங்க?”

“இந்தத் தம்பியப் பாத்துக்கறதுதானுங்க. மாசச் சம்பளம்.” சின்னண்ணன் மறுபடியும் கையைக் கூப்பினான். “உங்க மொதலாளிகிட்ட நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க. அவருக்கு மாப்பிள்ளை ஊட்டைத் தெரியுங்களா?”

“தெரியறதென்னங்க? அவரு மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்த அண்ணன்.”

சின்னண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கலியாணம் போச்சு, வேலையும் போச்சு. அந்த ஆள் பக்கத்தில் குந்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“பொண்ணு பாக்க நானும் வாரேன்னு அவருதான் மொத ஆளா ஜிப்பாவ மாட்டிக்கிட்டு நின்னாருங்க. நல்ல காரியம் கெட்டுப்போயிருமுன்னு என்னைய உட்டு இங்க கூட்டியாரச் சொல்லிப்போட்டாங்க.”

“உங்களையா? நீங்க அவருக்கு டிரைவருங்களா?”

“இல்லீங்க, உங்களாட்டமே மாசச் சம்பளம்.”