பேர் வெட்டிய மெடல்

"மெடல் அசல்தான், கிளைட். பின்னாடி வெட்டியிருக்கிற பேருதான் போலியோன்னு எனக்குச் சந்தேகம்."

வெண்டெல் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்தாரே தவிர, கையை எடுக்கவில்லை.

கெண்டக்கியில் பிப்ரவரிக் குளிரில் நடக்கும் இந்தப் பழைய ராணுவச் சாமான் சந்தைக்கு வெண்டெல் ஒரு வருஷம்கூட வராமல் இருந்ததில்லை. இங்கே கூடுகிற கூட்டாளிகள் விசித்திரமானவர்கள். யார் வீட்டில் எத்தனை ஜெர்மன் ஹெல்மெட் இருக்கிறது, அதில் எந்தப் பக்கம் பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். யாருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், யாருக்கு ஓடிப்போய்விட்டாள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

கிளைட் மெடல் பார்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் வாயால் அசல் என்று சொல்ல வைப்பது லேசில்லை. வருகிறதில் முக்கால்வாசியைப் போலி என்று தள்ளிவிடுவார். போன வருஷம் ஒஹையோவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் இதே மேஜைமுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

"கையை எடேன்டா. முட்டையா அடைகாக்கிறே?" என்றார் ஆர்வில். பக்கத்து மேஜையில் பித்தளைப் பட்டன் விற்பவர், வெண்டெலுக்கு நெடுநாள் சிநேகிதர். சிநேகிதம் என்றால் வருஷத்துக்கு இந்த ஒரு சனி ஞாயிறு மட்டும்.

வெண்டெல் கையை எடுத்தார். ஆர்வில் வாங்கித் தந்த காப்பி இன்னொரு கையில் ஆறிப்போயிருந்தது. கொஞ்ச நாளாகவே அவருக்குச் சூடு, குளிர், பசி எதுவும் உறைக்கவில்லை. கிளைட் என்ன சொல்லப்போகிறார் என்பது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கிளைட் பெட்டியைத் திறந்தார். ஊதா நாடா, அதன் கீழே பொன்னிறத்தில் இதய வடிவம். போரில் காயம்பட்டவர்களுக்கும் செத்தவர்களுக்கும் கொடுக்கிற மெடல்.

"புத்தம் புதுசா இருக்கே. இப்ப நடக்கிற சண்டையா?"

"ம்."

"எங்கடா அமுக்கினே?" என்றார் ஆர்வில்.

"வீட்டுக்கே வந்துச்சு."

"குடுத்து வச்சவன். எங்க வீட்டுக்கு வரி நோட்டீஸ்தான் வருது."

கிளைட் மெடலைத் திருப்பி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டினார். "ஷானா எம். கிரிக்ஸ். அட, பொம்பளை பேரு!"

எதிர் வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர் எழுந்து வந்துவிட்டார்கள். பொம்பளை பேர் வெட்டிய மெடல் இந்தச் சந்தைக்கு வருவது அத்தி பூத்தாற்போல.

"கிரிக்ஸ்ங்கிறது புருஷன் பேரு," என்றார் வெண்டெல்.

"பாத்தீங்களா, அதுக்குள்ள ஆராய்ச்சியும் பண்ணிட்டான்!" ஆர்வில் அவர் முதுகில் ஒன்று வைத்தார். "பேரு வெட்டியிருந்தா ஆளு போயாச்சுன்னு அர்த்தம்டா. உசிரோட திரும்பி வந்தவங்க மெடலு எங்கிட்ட டப்பா நிறையக் கெடக்கு, நாய்கூட மோந்து பாக்கல. செத்தவங்களோடதுக்குத்தான் மவுசு."

"அதனாலதானே திருட்டுப் பசங்க வெறும் மெடல்ல பேரை வெட்டிக் கொண்டாறானுங்க," என்றார் கிளைட்.

"இதுவும் அப்படி இருக்கலாம்ல?" வெண்டெல் சட்டென்று முன்னால் சாய்ந்தார். "அந்த மொத எழுத்தைப் பாரு. கோணலா இல்ல? எவனோ வீட்டுல உக்காந்து வெட்டின மாதிரி இல்ல?"

"இருய்யா, பறக்காதே."

கிளைட் விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். எழுத்து எழுத்தாகப் பார்த்தார். மெடலைச் சாய்த்து, வெட்டின ஓரத்தை நகத்தால் தடவினார். சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"மெஷின்ல வெட்டினது. ஆழம் ஒரே சீரா இருக்கு. ஒரு கோணலும் இல்ல."

"இன்னொரு தடவை பாரேன்."

"என்னய்யா இது! எல்லாரும் அசல்னு சொல்லச் சொல்லி எங்கிட்ட மல்லுக்கு நிப்பாங்க. நீ என்னடான்னா தலைகீழா சண்டை போடுறே."

சொன்னாலும், கிளைட் திரும்பவும் குனிந்தார். இந்த முறை அதிக நேரம் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மெடலும் அசல், பேரும் அசல். இந்தப் பொண்ணு நிஜமாவே செத்தவதான். யோகக்காரன்யா நீ!"

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "என்ன விலைன்னாலும் எனக்குத்தான்," என்று முண்டிக்கொண்டு வந்தார். ஆர்வில், இன்றைக்குச் சாப்பாடு வெண்டெல் செலவு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

வெண்டெல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து மூடினார். அதைத் திரும்பக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏன்யா, சந்தோஷமில்லையா உனக்கு?" என்றார் கிளைட்.

"போலின்னு சொல்லிருவேன்னு நம்பி வந்தேன், கிளைட். அது எம் பொண்ணு."