கடைசி மூலை

ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனி ஆபீஸில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கிருபாபாய் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து போட்டுக்கொடுத்த விளையாட்டு. நிறங்களைத் திருகிச் சேர்க்கும் க்யூப்தான், ஆனால் நாலு பரிமாணம். திரையில் எட்டுப் பெட்டிகள். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று கலையும்.

"ஒன்னால ஏலாது" என்று ஆரம்பத்திலேயே சிரித்திருந்தான் புருஷன் பொன்னுராஜ்.

"ஏலும்."

"சரி, முடிக்கிற வரைக்கும் ஏழு மணி பஸ்ஸுல வா. முடிச்சிட்டா பழையபடி அஞ்சரை பஸ்."

இன்று அவனே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மொபெட்டில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு மிச்சம்?"

"ஒரு மூலைதான்."

"அப்ப முடிச்சிட்டே போவோம். அம்மாவுக்கு ஒத்தையில வீட்டு வேல ஏலல."

அவள் விரல் மவுஸின்மேல் செத்த நேரம் நின்றது. பிறகு நாலைந்து திருகு. எல்லாம் கலைந்துபோனது.

"போச்சா?" அவனுக்கே பாவமாக இருந்தது. "விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்."

வண்டியின் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சேர்ப்பதைவிடக் கலைப்பதுதான் களைப்பாக இருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே அந்த க்யூபை முடித்துவிட்டாள். வீட்டில் சொல்லும் ஆசையில் அஞ்சரை பஸ்ஸைப் பிடித்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார், "வெள்ளனவே வந்துட்டியா? நல்லதாப் போச்சு, உளுந்து ஊறிக்கிடக்கு" என்றாள்.

கிருபாபாய் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.