எண்ணும் உதடுகள்

மருந்துக்கடைக்காரி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மாத்திரை எண்ணுகிறாள். தோளில் கொடி போர்த்திய மூன்று பேர் எதிரே நிற்கிறார்கள். ‘ஒரே நாடு, ஒரே பேச்சு’ என்று கத்திக் கத்தி நடுவில் நிற்பவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, அதற்குத்தான் மாத்திரை. காலையில் பக்கத்துத் தையல்கடையை நொறுக்கியவர்கள் இவர்கள்தான். தையல்காரர் செய்த தப்பு, வாசலில் நின்று போனில் தமிழில் பேசியது. அவள் இவர்கள் மொழியைப் பிசிறில்லாமல் பேசுவாள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எண்ணுவதுதான் வம்பு. எண்கள் அவளுக்குத் தமிழில்தான் வரும், உதடும் கூடவே அசையும். “எண்ணும்போது வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கோங்க அண்ணி,” என்று நாத்தனார் கிண்டல் செய்தபோது இருவரும் சிரித்தார்கள். இப்போது நாத்தனார் உள்ளறையில் மூச்சுக் காட்டாமல் நிற்கிறாள்.

மாத்திரைகள் பொட்டலத்தில் விழும் சத்தம் கடை முழுக்கக் கேட்கிறது. “கம்மியா போட்டிருப்பா. எண்ணிப் பாருடா,” என்கிறான் ஒருவன், தங்கள் மொழியில். தொண்டை கட்டியவன் பொட்டலத்தை உள்ளங்கையில் கவிழ்த்து, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். சத்தமில்லாமல் அவன் உதடுகள் அசைகின்றன. ஐந்து. ஆறு. ஏழு என்னும்போது வாய் லேசாகத் திறந்து, நாக்கின் நுனி உள்ளே மடிகிறது, அவள் வீட்டில் எல்லோருக்கும் மடிவதுபோல. அவன் நிமிர்கிறான். அவள் பார்த்துவிட்டது அவனுக்குத் தெரிகிறது. “சரியா இருக்கா?” என்று மற்றவன் கேட்கிறான். தொண்டை கட்டியவன் கொடியின் நுனியால் வாயைத் துடைத்துக்கொள்கிறான். “எண்ணும்போது இவ ஏன் உதட்டைக் கடிச்சுக்கிட்டா?” என்கிறான், கம்மிய குரலில்.