எண்பத்தோராவது நிமிடம்

முழுப் படத்தையும் ஒரே ஷாட்டில் எடுக்கும் ஐந்தாவது முயற்சி இது. முந்தைய நான்கும் பாதியில் நின்றுபோனவை. எண்பத்தோராவது நிமிடத்தில், கேமராவைத் தோளில் சுமந்தபடி ஒளிப்பதிவு செய்பவள் மாடிப்படியில் பின்பக்கமாகவே ஏறுகிறாள். இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. கண்ணில் இறங்கும் வியர்வையைத் துடைக்கக் கை ஒழியவில்லை. எதிரே ஏறிவரும் நடிகர், கதையில் அப்பா, படி தவறி முழங்கால் மோத விழுகிறார். ஜன்னல் வெயிலில் தூசி எழும்பிச் சுழல்கிறது. அவள் காதில் செருகிய ஒலிக்கருவிக்குள் தயாரிப்பாளர் கத்துகிறார்: "நிறுத்தும்மா! வெட்டி ஒட்டிக்கலாம், எவனுக்குத் தெரியப்போகுது?" பதில் சொன்னால் அவள் குரலும் படத்தில் பதிந்துவிடும். காதைத் தோளில் தேய்த்துத் தேய்த்து அந்தக் கருவியைக் கழற்றிவிடுகிறாள். அது கழுத்தோரம் தொங்கியபடி முணுமுணுக்கிறது. மெல்ல மண்டியிட்டு, கேமராவை விழுந்தவரின் முகத்துக்கு நேராக இறக்குகிறாள். அவர் கண்கள் லென்ஸைத் தாண்டி அவளைத் தேடுகின்றன. 'ம்' என்பதுபோல் தலையசைக்கிறாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, பின்னால் திகைத்து நிற்கும் மகள் வேடக்காரியிடம் கை நீட்டுகிறார். வசனத்தாளில் இல்லாத பேச்சு வருகிறது: "என்னடி மரம் மாதிரி நிக்குற? அப்பனைத் தூக்கி விடு. இன்னும் ஒம்போது படி கெடக்கு."