ஏழு கீறல்

நத்தையின் ஓட்டில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. பழுது பார்க்கும் நண்டிடம் போய்க் காட்டியது.

"மூணு இலை ஆகும். ஓட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போ, காலையிலே வா" என்றது நண்டு.

காலையில் போனால் நண்டு முப்பது இலை கேட்டது.

"ஒரு கீறல்தானேண்ணே இருந்துச்சு?"

"வெளியிலே ஒண்ணு. உள்ளே பார்த்தா ஏழு இருக்கே!"

"உள்ளே நான்தானே குடியிருக்கேன். எனக்குத் தெரியாம ஏழு கீறலா?"

"குடியிருந்தா தொழில் தெரிஞ்சிடுமா? பேசிக்கிட்டே நில்லு தாயி. வெயில் ஏறட்டும், எனக்கென்ன?"

ஓடில்லாத நத்தை வெயிலில் காய்ந்து செத்துப்போகும். அதன் முதுகு அப்போதே எரிய ஆரம்பித்திருந்தது. பிள்ளைகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த இலைகளை எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஓட்டை வாங்கி மாட்டிக்கொண்டது. உள்ளே தடவிப் பார்த்தது. ஒரே ஒரு ஒட்டுத்தான் இருந்தது.

வாசலில் இன்னொரு நத்தை காத்திருந்தது. "அக்கா, நியாயமா வாங்குவாரா?" என்று மெதுவாகக் கேட்டது.

ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல நத்தைக்கு வெட்கமாக இருந்தது.

"நியாயமாத்தான் வாங்குறாரு" என்றது.

அந்த நத்தை தன் ஓட்டைக் கழற்ற ஆரம்பித்தது.