அத்தையின் கவுன்

"எங்கம்மாவுக்குத் தோள் இவ்வளவு அகலமா இருந்ததே இல்லை" என்றான் கணவன், சாப்பாட்டு மேஜை முழுக்க விரிந்து கிடந்த வெட்டுத்தாள்களைப் பார்த்து.

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டால் காரியம் கெட்டுவிடும்.

"அந்தக் காலத்து ஃபேஷன் அப்படி. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்துல பறக்குது."

மாமியாரின் அலமாரியில் அடித்தட்டில் கிடைத்த பழைய தையல் பேட்டர்ன் அது. உறையின் மேல், இடுப்பு சிறுத்து, பாவாடைப் பகுதி குடை போல விரிந்த கவுன் அணிந்த பெண்ணின் படம். உள்ளே வெட்டுத்தாள்களோடு, நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி, மடித்தது மடித்தபடி. தாள்களில் அச்சடித்த கோடுகளைத் தாண்டி, பென்சிலால் புதுக் கோடுகள். ஓரத்தில் மாமியாரின் பொடிக் கையெழுத்து.

மாமியார் போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மாமனார் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்", மாத்திரை கொடுத்தால் "ம்". அவள் தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டு, அத்தையின் மெஷினைத் தொடலாமா என்று கேட்டதற்கும் அதே "ம்"தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எழுபது முடிகிறது. அன்றைக்கு அத்தையின் கவுனைத் தைத்துப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும், அந்த முகம் ஒரு தடவையாவது மலர வேண்டும் என்பது அவள் ஆசை.

கணவனுக்கோ பயம். மலர்வதற்குப் பதில் அப்பா உடைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டான். போதாக்குறைக்கு, இதுவரை அவள் தைத்தது இரண்டு தலையணை உறையும் ஒரு சமையல் ஏப்ரனும்தான். ஏப்ரனில் பாக்கெட் தலைகீழாக இருந்ததை வீடே அறியும். துணியோ அந்த ஒன்றுதான். கத்தரி வழுக்கினால் கதை முடிந்தது.

"அம்மா கவுன் போட்டு நான் பார்த்ததே இல்லையே" என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

"உங்களைப் பெத்துக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்காதா?"

அவன் பறக்கப் பார்த்த ஒரு தாளின் மேல் டம்ளரை எடுத்து வைத்தான்.

மருந்துக் கடையில் பதினோரு வருடம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தவளுக்கு அத்தையின் கையெழுத்து எம்மாத்திரம்? எழுத்து புரிந்தது, விஷயம்தான் புரியவில்லை. மார்புப் பக்கம் பிடிக்க வேண்டிய மடிப்புகளை அடித்துவிட்டு, "இங்கே பஞ்சு" என்று எழுதியிருந்தது. குளிர் தாங்காத உடம்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் குறைத்திருந்தது. முதுகில் பொத்தானுக்குப் பதில் கழுத்திலிருந்து கீழ்வரை ஹூக். பக்கத்தில், "ஒரு நிமிஷத்தில் கழற்ற வேண்டும்." அத்தைக்கு எதிலும் அவசரம்தான், ஆனாலும் இப்படி ஓர் அவசரமா? எவ்வளவு யோசித்தும் பிடி கிடைக்கவில்லை.

கடையில் அவள் கற்ற பாடம் ஒன்று உண்டு. சீட்டில் எழுதியிருப்பதைக் கொடு, சொந்த மூளையைக் கலக்காதே. அச்சுக் கோட்டை விட்டுவிட்டுப் பென்சில் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினாள். ஒரு வாரம் மெஷினோடு மல்லுக்கட்டினாள். ஒரு கையை உள்புறம் வெளியே வரும்படி தைத்துப் பிரித்தாள், ஊசி இரண்டு ஒடிந்தது.

ஞாயிறு காலை கவுனைப் போட்டுக்கொண்டு கூடத்துக் கண்ணாடி முன் நின்றாள். தோள் இரண்டும் முழங்கையை நோக்கி வழிந்தன. மார்பில் இறுக்கிப் பிடித்தது. இடுப்புக்குக் கீழே இழுத்துப் பிடித்தது. அத்தையும் ஏறக்குறைய அவள் உடல்வாகுதான். அவருக்கும் இது பொருந்தியிருக்க வழியே இல்லை. எங்கோ தவறாக வெட்டிவிட்டோம், அத்தை பத்திரப்படுத்திய துணி பாழ் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே போய்க் கழற்றி, உடை மாற்றி, கவுனைக் கையில் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், வாசலில் மாமனார்.

அவர் அந்த நீலத் துணியையே பார்த்தார். கையை நீட்டினார். கொடுத்தாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. அத்தை எழுதினபடிதான் தெச்சேன். எங்கேயோ கெடுத்துட்டேன்."

அவர் கவுனை உதறி, தோள் தையலை விரலால் தடவிப் பார்த்தார். ஹூக்குகளை மேலிருந்து கீழாக எண்ணினார்.

"நீ கெடுக்கலைம்மா. அவ போட்ட கோடு அப்படியே வந்திருக்கு."

எட்டு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். சமையலறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான்.

"ஆனா இது அத்தைக்கே சேராதே, மாமா?"

"அவளுக்கு எப்படிச் சேரும்?"

கண்ணாடி முன் போய் நின்று, கவுனைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தார். தோளுக்குத் தோள் கச்சிதமாக இருந்தது.

"எங்க நாடகக் குழுவுக்கு அவதான் தையல்காரி" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே. "நான்தான் கதாநாயகி. அளவெடுக்க வந்தவதான் அப்புறம் உன் மாமியார் ஆனா. இது அடுத்த நாடகத்துக்குன்னு எடுத்த துணி, அதுக்குள்ள குழு கலைஞ்சுபோச்சு."

பிறகு வெட்கமும் சிரிப்புமாகத் திரும்பினார்.

"இடுப்புல மட்டும் கொஞ்சம் பிரிச்சு விடும்மா. அவ அளவெடுத்தப்போ எனக்கு இருபத்திரெண்டு வயசு."