செகிஞ்சான் லோரி

“ரமணி, செகிஞ்சானுக்குப் போற லோரிய நிப்பாட்டு. புக்கிட் பெலிம்பிங்ல நம்ம சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கூடாரம், நாற்காலியெல்லாம் முதல்ல அங்க போகட்டும்,” என்றார் நல்லசாமி.

ரமணி அசையவில்லை. “முடியாதுண்ணே. லோரி விசயத்த நித்தியாதான் சொல்லணும். யாரு வேலை எதுன்னு செவுத்துல ஒட்டியிருக்குல்ல? ஆளாளுக்குச் சொல்லித்தானே முன்ன எல்லா வீட்டுக்கும் லேட்டாச்சு?”

நித்தியாவிடம் போனார். “செகிஞ்சானுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. மாத்த முடியாது லா,” என்று அவளும் கையை விரித்தாள்.

லோரி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. நல்லசாமி வாசலில் நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

“லெட்சுமி, நான் இல்லாட்டி வேலை ஓடாதுன்னு ஆபரேஷனத் தள்ளிப்போட்டது போதும். நாளைக்கே ஆஸ்பத்திரியில சேர்ந்துடுறேன். கல்யாணம்னு சும்மா சொல்லிப் பார்த்தேன். முதலாளி நானே சொல்லியும் லோரிய நிப்பாட்டலயே!”